டூசானில் செய்து சென்னைக்கு வரப்போகும் பெட்டி: மெஸ்கீட்டும் அயர்ன்வுட்டும்

கேள்வி இது: மகன் குடும்பம் அரிசோனாவில், டூசான் நகரத்தில் இருக்கிறது. அங்குள்ள பாலைவன மரங்களைக் கொண்டே கையால் ஒரு பெட்டி செய்து, பேரன் பேத்தி காலம் வரை வைத்திருக்க ஆசை. சில வருடங்களில் பெட்டி சென்னை வீட்டுக்கு வந்துவிடும். எந்த மரம் எடுப்பது, எப்படிச் செய்வது, வெடிக்காமல் இருக்குமா?

வெடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் பெட்டிக்கு வரப்போகும் ஆபத்து அது இல்லை. ஈரமான ஊரில் செய்து வறண்ட ஊருக்குக் கொண்டுபோனால்தான் மரம் சுருங்கி வெடிக்கும். நீங்கள் வறண்ட ஊரில் செய்து ஈரமான ஊருக்குக் கொண்டுவருகிறீர்கள். மரம் உப்பும். உப்புவதற்கு இடம் விடாமல் இறுக்கிச் செய்திருந்தால் பலகையே சட்டத்தை உள்ளிருந்து தள்ளி மூலைகளைப் பிரிக்கும், மூடி சிக்கும், பூட்டு திருகாது. அதனால் முதல் கோடு போடும்போதே சென்னையை மனதில் வைத்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

முதலில் மரம். டூசானைச் சுற்றியுள்ள சொனோரா பாலைவனத்தில் மரவேலைக்கு ஆகிவரும் மரங்கள் இரண்டுதான்: மெஸ்கீட், அயர்ன்வுட். மெஸ்கீட் நமக்கு அந்நியமே இல்லை, நம்மூர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. முன்பு இரண்டும் நம் வன்னி மரத்தோடு சேர்ந்து ப்ரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2022-இல் தாவரவியலாளர்கள் அதைப் பிரித்தார்கள்; மெஸ்கீட்டும் சீமைக்கருவேலமும் நெல்ட்டுமா ஆகிவிட்டன, வன்னி மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. அடுப்புக்கும் கரிக்கும் மட்டுமே உதவும் என்று நாம் ஒதுக்கிய குடும்பம். ஆனால் முதிர்ந்து வைரம் பாய்ந்த மெஸ்கீட் கட்டையை இழைத்துப் பார்த்தால் செம்பழுப்பு நிறமும் சுருள் ரேகையும் பிரமாதமாக இருக்கும். வெளிச்சம் படப்பட நிறம் இன்னும் ஆழமாகும்.

இதை எடுக்கச் சொல்வதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு அகலவாக்கில் சுமார் 5.3 சதவீதம் சுருங்கும். மெஸ்கீட் சுருங்குவது சுமார் 2.7 சதவீதம்தான், ஏறக்குறையப் பாதி. ஊர் விட்டு ஊர் போகிற பெட்டிக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. கடினத்தில் தேக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல், எடை கன மீட்டருக்கு 820 கிலோ அளவில்.

அயர்ன்வுட் வேறு ஜாதி. கன மீட்டருக்கு 1,200 கிலோவைத் தொடும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். தேக்கைப் போல மூன்று மடங்கு கடினம். செத்த மரம்கூட அந்த வறட்சியில் நெடுங்காலம் உளுக்காமல் கிடக்கும். மெக்சிகோவின் சொனோரா கடற்கரையில் வாழும் செரி (Seri) என்ற பழங்குடியினர் 1960-களில் இதில் ஆமை, டால்பின், பறவை என்று செதுக்கி விற்கத் தொடங்கினார்கள். பிறகு வெளியாட்கள் இயந்திரம் வைத்து அதே உருவங்களை மலிவாகச் செய்து குவித்தார்கள். கரி மூட்டத்துக்காக மெஸ்கீட்டை வெட்டியவர்கள் அயர்ன்வுட்டையும் சேர்த்தே வெட்டினார்கள். மரம் அரிதாகிப்போனது. ஆகவே இதைப் பலகையாக வாங்கி முழுப் பெட்டி செய்யும் எண்ணம் வேண்டாம். அப்படிப்பட்ட பலகை கிடைக்கவும் கிடைக்காது. கத்திப் பிடிக்கென்று சிறு கட்டைகளாக விற்பார்கள். கைப்பிடி, பூட்டுமுகம், பெயர்ப்பட்டை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று கட்டை போதும்.

பாலோ வெர்டே அரிசோனாவின் மாநில மரம், பார்க்க அழகு, ஆனால் மென்மை. சீக்கிரம் கறைபட்டு மக்கும். பெட்டிக்கு ஆகாது. சகுவாரோ கள்ளிக்குள் விலா எலும்பு போல நிற்கும் மரக்குச்சிகள் லேசானவை; மூடியின் உட்புறத்தில் அலங்காரமாகப் பதிக்கலாம், பாரம் தாங்காது.

எதையும் காட்டில் போய் நீங்களாக எடுக்காதீர்கள். அரிசோனாவில் உள்ளூர்த் தாவரங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. மெஸ்கீட், அயர்ன்வுட், சகுவாரோ எல்லாம் அதில் வரும், செத்துக் கிடப்பதற்கும் அனுமதி கேட்பார்கள். மழைக்காலக் காற்றில் சாய்ந்ததையும் கட்டட வேலைக்காக அகற்றியதையும் அறுத்து விற்கும் மரக்கடைகளில் ரசீதோடு வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று ஈரம்: மீட்டர் வைத்துப் பார்த்தால் 6 முதல் 8 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டாவது வெள்ளை. மெஸ்கீட்டின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது; வெளிறிய மஞ்சளாக ஓரத்தில் ஓடும் வெள்ளைப் பகுதி வண்டுகளுக்கு விருந்து. இழைத்து, பாலிஷ் போட்டு, ஒரு வருடம் கழித்துக்கூட உள்ளிருந்து துளைத்துக்கொண்டு வரும், கீழே மைதா மாவு போலத் தூள் கொட்டிக் கிடக்கும். இருநிறமும் சேர்ந்து வந்தால் அழகு என்று சிலர் வெள்ளையை விட்டுவைப்பார்கள். தலைமுறைக்கு வைக்கும் பெட்டியில் வெள்ளையை முழுக்க அறுத்துத் தள்ளுவதே நல்லது. கூடுதல் காப்புக்குச் சூளையில் காயவைத்த மரமாகக் கேளுங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. டூசானில் வீட்டுக்குள் மரம் 6 சதவீத ஈரத்தில் நிற்கும். சென்னையில் அதே மரம் 13, 14 வரை ஏறும். 8 சதவீத ஏற்றத்துக்கு மெஸ்கீட் அகலவாக்கில் 0.7 சதவீதம் போல உப்பும். 254 மில்லிமீட்டர் பலகை 1.8 மில்லிமீட்டர் விரியும், 330 மில்லிமீட்டர் மூடிப்பலகை 2.4. நீளவாக்கில் அசைவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களும் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகின்றன: அகலப் பலகைகளை மூலையில் கோத்துச் செய்யும் பெட்டி வேண்டாம், சட்டமும் அதன் காடிக்குள் ஒட்டாமல் மிதக்கும் பலகையும் கொண்ட பெட்டி வேண்டும். மெஸ்கீட் கோணல்மாணலாக வளரும், நாலைந்து அடிக்கு மேல் நேர்ப்பலகை கிடைப்பது அபூர்வம். சட்ட வேலைக்குத் துண்டுப் பலகையே போதும் என்பதால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது.

வெளியளவு 36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் என்று வைப்போம். 2 அங்குலச் சதுரக் கால்கள் நான்கு. குறுக்குச் சட்டங்கள் 3 அங்குல அகலம், இழைத்தபின் 19 மில்லிமீட்டர் கனம். முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் ஒரு நெடுஞ்சட்டம் வைத்து இரண்டிரண்டு பலகை, பக்கவாட்டில் ஒவ்வொன்று, மூடியில் இரண்டு. பலகைகள் 12 மில்லிமீட்டர். அடியில் நாக்கும் காடியுமாகக் கோத்த 12 மில்லிமீட்டர் துண்டுகள். கூட்டிப் பார்த்தால் 22 போர்டு அடி வரும். 12 போர்டு அடி ஒரு கன அடி. மெஸ்கீட்டில் வெள்ளை, வெடிப்பு, பூச்சித் துளை, பட்டை புதைந்த இடம் என்று பாதி கழிவாகப் போகும். 42 போர்டு அடி, அதாவது மூன்றரை கன அடி வாங்குங்கள். 30 போதும் என்று வாங்குகிறவர்கள் கடைசியில் மூடிக்கு நிறம் பொருந்தாத பலகையைத் தேடி அலைவார்கள். முடிந்த பெட்டி ஏறக்குறைய 27 கிலோ வரும். விமானத்தில் சாதாரணமாக விடும் 23 கிலோவுக்கு மேல், அளவும் பெரிது. கப்பல்தான்.

இணைப்புக்கு வருவோம். குறுக்குச் சட்டத்தின் முனையில் 7 மில்லிமீட்டர் கனத்தில் 28 மில்லிமீட்டர் நீளக் கழுந்து (துளைக்குள் நுழையும் நாக்கு), காலில் 30 மில்லிமீட்டர் ஆழத் துளை. சட்டத்தைக் காலின் வெளிமுகத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்தள்ளி வையுங்கள். கழுந்தை இன்னும் நீளமாக வைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும், கூடாது. ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் துளை வருகிறது. 30-ஐத் தாண்டினால் இரண்டும் உள்ளே முட்டிக்கொள்ளும், கால் அந்த இடத்தில் வெறும் கூடாகிவிடும். துளையைத் துரப்பணத்தால் பெருமளவு எடுத்துவிட்டு உளியால் ஓரம் சீவுங்கள். மெஸ்கீட்டில் உளி முனை சீக்கிரம் மழுங்கும், துளைக்குத் துளை தீட்ட வேண்டியிருக்கும். மழுங்கிய உளியைக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் காலே பிளந்துவிடும்.

கழுந்தைப் பூட்ட 6 மில்லிமீட்டர் மரஆணி. காலில் போட்ட துளையைவிடக் கழுந்தில் போடும் துளை தோள் பக்கமாக 1 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆணி இறங்க இறங்கச் சட்டத்தை இழுத்து இறுக்கும். இங்கேதான் ஆசைப்பட்டு அயர்ன்வுட்டில் ஆணி செய்வார்கள். அது வளையாது. ஒரு மில்லிமீட்டர் விலகலைக்கூட வளைந்து கடக்காமல் பாதியில் ஒடியும், அல்லது கழுந்தைப் பிளக்கும். நேர் ரேகையுள்ள மெஸ்கீட்டைப் பிளந்து ஆணி சீவுங்கள், அறுத்து அல்ல. அயர்ன்வுட் கருப்பு வெளியே தெரிய வேண்டுமென்றால் ஆணியின் தலைக்கு மேல் 3 மில்லிமீட்டர் வில்லை ஒட்டிக்கொள்ளலாம்.

காடி 6 மில்லிமீட்டர் அகலம், 10 ஆழம். 12 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தை அதற்குள் நுழையும்படி மெலிதாக்கிக்கொள்ளுங்கள். பலகையின் ரேகை கிடையாக ஓடட்டும், அப்போது உப்பல் மேலும் கீழும் போகும். இரண்டு காடிக்கும் சேர்த்து 3 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும்படி பலகையின் அகலத்தைக் குறையுங்கள். மூடிப்பலகைக்கு 4. காடிக்குள் பசை ஒரு துளிகூடப் போகக்கூடாது. பலகை கடகடக்காமல் இருக்க, நடுவில் மட்டும் ஒரு சிறு மரமுளை போதும். அடிப்பலகைகளை டூசானில் நெருக்கிக் கோக்காதீர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 1 மில்லிமீட்டர் விடுங்கள். ஒரு தபால் அட்டையை நான்காக மடித்து இடையில் செருகி வைத்தால் அளவு சரியாக வரும். பார்க்க இடைவெளி அசிங்கமாகத் தெரியும். சென்னை ஐப்பசி மழையில் அதுவே மூடிக்கொள்ளும்.

சிறு பலகைகளை அகலமாக ஒட்ட மஞ்சள் மரப்பசை போதும். விளிம்பைக் கண்ணாடி போல வழவழப்பாக்கித் தேய்க்காமல், இழைப்புளி விட்ட முகத்தோடு அன்றே ஒட்டுங்கள். கிளாம்ப்பை வெறிகொண்டு இறுக்கினால் பசையெல்லாம் வெளியே வழிந்து உள்ளே காய்ந்த இணைப்புதான் மிஞ்சும்.

மெஸ்கீட்டில் வெடிப்பும் ஓட்டையும் இல்லாத பலகை கிடையாது. அரிசோனாப் பெட்டிகளில் அந்த இடங்களை நீலப்பச்சை டர்க்காய்ஸ் கல்லால் நிரப்புவது வழக்கம். கிங்மேன் சுரங்கத்துக் கல்லை நொறுக்கித் தூளாகவும் சில்லாகவும் விற்பார்கள். செய்முறை எளிது, கெடுப்பதும் எளிது. ஓட்டையிலிருந்து மட்கிய பட்டையைக் கம்பி தூரிகையால் சுரண்டுங்கள். பித்தளைத் தூரிகை நல்லது, காரணம் பின்னால் வரும். அடியில் நாடா ஒட்டி அடையுங்கள். முதலில் சில்லு, இடுக்குகளில் தூள், மேலே மெல்லிய எப்பாக்ஸி (இரண்டு திரவம் கலந்ததும் இறுகும் பிசின்). ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பினால் எப்பாக்ஸி சூடேறிக் குமிழ் விடும், 4 மில்லிமீட்டர் அடுக்காகப் போங்கள். முழுக்க இறுக ஒரு நாள் விட்டு, உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள்: 80, 120, 180, 220. கையிலோ ஸ்பாஞ்சிலோ பிடித்துத் தேய்த்தால் கல் அப்படியே நிற்கும், சுற்றியுள்ள மரம் மட்டும் பள்ளமாகும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும், எண்ணெய் பூசியதும் கண்ணுக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் வெடிப்பை நிரப்பாதீர்கள். வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு மூன்று வாரம் விடுங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் மரம் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். எப்பாக்ஸி போட்டு மூடினால் பக்கத்திலேயே புது வெடிப்பு விடும்.

அயர்ன்வுட் கைப்பிடி வேலை பொறுமை கேட்கும். மிகக் கடினமான கார்பைடு முனை வைத்த கருவிதான் நிற்கும். ரம்பத்தை அழுத்தினால் மரம் கருகும், அந்தக் கருகலைத் தேய்த்து எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். எண்ணெய்ப் பசை உள்ள மரம், சாதாரணப் பசை பிடிக்காமல் பிறகு பெயர்ந்து வரும். ஒட்டும் முகத்தை 80 உப்புத்தாளால் கீறி, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, உடனே எப்பாக்ஸி போட்டு ஒட்டுங்கள். திருகாணிக்கு முன்துளை கட்டாயம். பித்தளைத் திருகாணி நேராகப் போட்டால் தலை முறியும். அதே அளவு எஃகுத் திருகாணியை மெழுகு தடவி ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, பிறகு பித்தளையைப் போடுங்கள். இரண்டு மரத்தின் தூளும் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். துணி முகக்கவசம் போதாது, என்95 போடுங்கள்.

கீல், பூட்டு, திருகாணி எல்லாம் பித்தளை அல்லது துருவேறா எஃகு. மெஸ்கீட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மைக்கறுப்பாகக் கறை பிடிக்கும், கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருப்பாவது மாதிரியேதான். டூசானில் இரும்புக் கீல் வைத்தால் பத்து வருடம் ஒன்றும் தெரியாது. சென்னையில் முதல் மழைக்காலத்திலேயே கீலைச் சுற்றிக் கருவளையம் வரும். எஃகுக் கம்பி நூலால் தேய்ப்பதும் இதே காரணத்தால் கூடாது, உடைந்த துகள் ரேகைக்குள் உட்கார்ந்துவிடும். பூட்டுக்குக் குடையும் குழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் விடுங்கள். மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகைப் பூட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட பழைய பெட்டிகளில் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்ததால் அமெரிக்காவில் பூட்டுகளைத் திரும்பப் பெற்ற கதை உண்டு. மூடி விரலில் விழாமல் தாங்கும் பிடிப்பும் ஒன்று வையுங்கள்.

மேல்பூச்சு வெளிப்பக்கத்துக்கு டங் எண்ணெய் (டங் மரக் கொட்டையிலிருந்து எடுப்பது, காய்ந்து இறுகும்). முதல் பூச்சுக்குச் சம அளவு டர்பன்டைன் கலந்து, பூசி 30 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் நான்கு பூச்சு. மிதக்கும் பலகைகளுக்குக் கோப்பதற்கு முன்பே பூசிவிடுங்கள். பிறகு மரம் நகர்ந்தாலும் பூசாத கோடு வெளியே தெரியாது, பசை தெறித்தாலும் ஒட்டாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். அயர்ன்வுட் துண்டுகளுக்கு எண்ணெய் தேவையில்லை, அதன் சொந்த எண்ணெயில் மேல்பூச்சு சரியாகக் காயாது. 1000 வரை தேய்த்து மெழுகு போட்டாலே கருங்கல் பளபளப்பு வரும். உட்புறத்தில் எண்ணெய் கூடவே கூடாது. மூடிய பெட்டியில் அந்த வாடை வருடக்கணக்கில் நிற்கும், பட்டுப்புடவையில் ஏறும். உள்ளே மெல்லிய ஷெல்லாக் (அரக்கு மெருகு) இரண்டு பூச்சு.

அனுப்பும்போது: துணி, தாள் சுற்றி, ஈரம் புகாத பையில் ஈர உறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்து மூட வேண்டும். கப்பல் பெட்டகத்துக்குள் இரவில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். வெளிக்கூடு மரமாக இருந்தால் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியது என்று காட்டும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச முத்திரை உள்ள மரமா என்று பாருங்கள். சென்னையில் இறங்கியதும் நடுக்கூடத்தில், ஏசி காற்றும் ஜன்னல் வெயிலும் படாத இடத்தில், மூடியைச் சற்றுத் திறந்தே ஒரு மாதம் வையுங்கள். மூடி முதல் சில வாரம் இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள். வெளிப்பரப்பு முதலில் ஈரம் வாங்கும், நடு மரம் மெதுவாகத்தான் வாங்கும். இரண்டும் சமமாகும்வரை பலகை லேசாக வளைந்திருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகும் உரசினால் அப்போது சீவிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் பெட்டியைக் கெடுப்பது தினமும் தரை துடைக்கும் தண்ணீர். காலின் அடிமுகத்தில் ரேகைகள் உறிஞ்சுகுழல் போலத் திறந்து நிற்கும், ஈரம் அங்கிருந்து மேலே ஏறும், கரையானும் அந்த வழியைத்தான் தேடும். டூசானிலேயே காலின் அடியை மெல்லிய எப்பாக்ஸியில் ஊறவிட்டு, அரை அங்குல உயரப் பித்தளைப் பூண் மாட்டிவிடுங்கள்.

அடிப்பலகையின் கீழ்முகத்தில் பூச்சு போடாமல் ஒரு உள்ளங்கை அளவு இடம் விட்டு, பென்சிலால் எழுதுங்கள்: செய்தவர் பெயர், ஊர், வருடம், மரம், பசை, மேல்பூச்சு. பால்பாயிண்ட் மை மங்கும், பென்சில் நிற்கும். மிஞ்சிய மெஸ்கீட்டில் ஓரடித் துண்டு இரண்டும் பத்து மரஆணியும் துணியில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். நாற்பது வருடம் கழித்து ஒரு சட்டம் உடைந்தால் அதே மரத்தை எங்கே போய்த் தேடுவது? அதுவும் தீர்ந்துபோனால், ஆசாரியிடம் நன்றாக முதிர்ந்த சீமைக்கருவேல வைரம் கேளுங்கள். கரிக்காக இளசிலேயே வெட்டிவிடுவதால் பருத்த கட்டை அரிது. கிடைத்தால் நிறமும் கனமும் கிட்டத்தட்டப் பொருந்தும்.